நிறம் கம்மியா?
(விருதுநகரில் மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழகைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அழகைப் பாடக் கவிஞர்கள் இருக்கும்போது அரசியல் மேடைக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அழகுக்கு விலை குறிக்காதவரையில் அது கவிஞர்களின் உடைமை. விலை குறித்துவிட்டால், அந்த விலையைக் குறிப்பவர் யார், கொடுப்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வி எழுந்த இடத்தில் அரசியல் வந்து நின்றே தீரும்.

நான் நேரில் கண்ட காட்சி ஒன்று. ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம். இந்த வட்டாரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சரவெடி பின்னிப் பின்னிக் கூலி சேர்த்த பெண். அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். படிப்பு கேட்டார்கள், குணம் கேட்டார்கள், குறையொன்றும் கூறவில்லை. புறப்படும் வேளையில், வாசற்படியில் நின்று, மாப்பிள்ளையின் அத்தை மெல்லச் சொன்னார்: "பொண்ணு லட்சணந்தான். நிறந்தான் கொஞ்சம் கம்மி. அஞ்சு பவுன் கூடப் போட்டீங்கன்னா பேசி முடிச்சிரலாம்."

பெண்ணின் தந்தை சிவகாசி அச்சகமொன்றில் இயந்திரம் ஓட்டுபவர். வந்தவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி! நம்ம பிரஸ்ல நிறம் கம்மின்னா மை கம்மின்னு அர்த்தம். இங்க மை கூடிப்போச்சாம். அதுக்கும் நிறம் கம்மின்னு சொல்லிட்டுப் போறாங்களே!" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் கண்கள் சிரிக்கவில்லை.

தோழர்களே! அவர் கேட்டது வேடிக்கைக் கேள்வி அன்று. தோலில் நிறமி மிகுதியாக உள்ளவளை 'நிறம் குறைந்தவள்' என்கிறோமே, இந்தத் தலைகீழ்க் கணக்கை நமக்குக் கற்பித்தவர் யார்? எப்போது கற்றோம்? எதற்காக இன்னும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம்?

'தொன்றுதொட்டு வந்த ரசனை இது' என்பார்கள். தொன்மையையே சாட்சிக்கு அழைப்போம். குறுந்தொகையில் தலைவிக்கு ஒரு பெயர் 'மாயோள்'. கருமை வாய்ந்தவள் என்பது பொருள். அவள் மேனிப் பொலிவுக்குப் பெயர் 'மாமை', மாந்தளிரின் நிறம். அந்த மாமை எப்போது கெடுகிறது? தலைவன் பிரிந்தபோது. மாமை கெட்டு வந்து படர்வது என்ன? பசலை! பீர்க்கம்பூப் போன்ற வெளிறிய மஞ்சள். வள்ளுவரும் 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பருவரல் என்றால் துன்பம். மேனி வெளிறுவதைத் துன்பமென்று எழுதிவைத்த மொழிக்கு உரியவர்கள், இன்று மேனி வெளிற வேண்டுமென்று காசு கொடுத்துக் களிம்பு வாங்குகிறோம். அன்று நோய், இன்று நோன்பு!

நம் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரைப் பாருங்கள். அங்கே பிறந்த ஆண்டாள் காதலித்தது யாரை? கார்மேக வண்ணனை. நம் காலடி மண்ணைப் பாருங்கள். கரிசல்! கறுத்திருக்கிறது என்பதற்காக எந்த உழவனாவது கரிசல் காட்டுக்கு விலை குறைத்ததுண்டா? அந்தக் கரிய மண் விளைத்த பருத்தியல்லவா விருதுநகர்ச் சந்தையை வளர்த்தது? மண் கறுத்தால் மதிப்பு, மகள் கறுத்தால் ஐந்து பவுன் அபராதம்! இது என்ன நீதி?

உண்மையை மறைக்காமல் பேசவேண்டும். வெள்ளையன் வந்த பிறகுதான் இந்த வேற்றுமை முளைத்தது என்று நான் கூறவில்லை. வெயிலில் நின்றவன் உழைத்தான். நிழலில் இருந்தவன் ஆண்டான். வெயில் பட்ட மேனி வேலையாளின் அடையாளமாகவும், வெயில் படாத மேனி உடைமையாளனின் அடையாளமாகவும் அந்நாளிலேயே ஆயிற்று. சாதி அதற்குத் துணை நின்றது. உடலின் தோற்றத்தையே அதிகாரத்தின் முத்திரையாக்கும் வழக்கத்தை அறிய வேறெங்கும் போக வேண்டாம். தெற்கே திருவிதாங்கூரைப் பார்த்தால் போதும். ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் தோளை மறைக்கத் துணி போட்டதையே குற்றமென்றார்கள். பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின், 1859இல்தான் அரசு இறங்கி வந்தது. பெண் எப்படித் தோன்ற வேண்டும் என்று தீர்மானிப்பவன் எவனோ, அவனே ஆள்பவன். இதை நம் முன்னோர் தம் உடலில் அறிந்தவர்கள்.

ஆனால் இருந்த வேற்றுமைக்குச் சட்டமும், சுவரும், விஞ்ஞானம் என்ற பட்டமும் தந்தது வெள்ளையராட்சி. சென்னைப் பட்டணத்தைக் கும்பெனியார் எப்படிப் பிரித்தனர்? கோட்டைக்குள் வெள்ளையர் நகரம். வெளியே கறுப்பர் நகரம். ஊரின் பெயரே நிறத்தின் பெயர்! பின்னர் வந்தனர் அளவுகோலோடு அதிகாரிகள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களின் மண்டையை அளந்தார், மூக்கை அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். 1901ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ரிஸ்லி, மூக்கு அகல அகலச் சாதி தாழும் என்று எழுதினார். மூக்குக்கு அளவு, முகத்துக்கு அட்டவணை, தோலுக்கு வரிசை எண்! ஆள்பவன் முகம் எப்படியோ அதுவே அழகு. ஆளப்படுபவன் முகம் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு குறை. அளந்தவர்கள் போய்விட்டார்கள். அளவுகோலை நம் வீட்டு நடையில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பெண் பார்க்கப் போகும்போது நாம் கையோடு எடுத்துச் செல்வது அந்தக் கோலைத்தான்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த நோயா? அன்று. கடல் கடந்து பிரேசிலைப் பாருங்கள். போர்த்துகீசியர் ஆண்ட நாடு. ஏறக்குறைய ஐம்பது இலட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக அங்கே இறக்கப்பட்டனர். அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888இல்தான் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. விலங்கு கழன்றதும் ஆளவந்தார் என்ன செய்தனர்? விடுதலை பெற்றவனுக்கு நிலமும் கல்வியும் கொடுத்தனரா? இல்லை. ஐரோப்பாவிலிருந்து வெள்ளையரைக் குடியேற்றி, நாட்டையே வெளுக்கத் திட்டமிட்டனர்! அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தின் தலைவர் லசெர்தா, 1911இல் இலண்டனில் கூடிய உலக இன மாநாட்டில், இன்னும் ஒரு நூற்றாண்டில் பிரேசிலில் கறுப்பர் இரார் என்று ஆரூடமே கூறினார்.

மொதெஸ்தோ புரோகோசு என்ற ஓவியர் 1895இல் அங்கே தீட்டிய படமொன்று உண்டு. கரிய பாட்டி ஒருத்தி. அவளினும் நிறம் தெளிந்த மகள். அந்த மகளின் மடியில் வெளுத்த குழந்தை. பக்கத்தில் வெள்ளை மருமகன். பாட்டி இரு கைகளையும் வானத்துக்கு உயர்த்தி நன்றி செலுத்துகிறாள். எதற்கு நன்றி? பேரப்பிள்ளை தன்னைப்போல் இல்லை என்பதற்கு!

தாய்மார்களே! அந்தப் பாட்டியைப் பார்த்து நாம் வியப்பதற்கு உரிமையில்லை. பிள்ளை சிவப்பாகப் பிறக்கவேண்டுமென்று சூலுற்ற மகளுக்குக் குங்குமப்பூவைப் பாலில் கலந்து கொடுக்கும் பாட்டி நம் வீட்டிலும் இருக்கிறாள். பிறந்த குழந்தையின் காதோரத்தைத் திருப்பிப் பார்த்து, 'போகப்போகக் கறுத்துவிடும்' என்று கவலைப்படுபவளும் அவளே. அவள் கெட்டவளல்லள். தான் பட்ட அவமானம் பேத்திக்கு வரக்கூடாதென்று தவிப்பவள். அடிமைத்தனத்தின் ஆகக் கொடிய வேலை இதுதான்: அன்பின் கையைக் கொண்டே அவமானத்தைப் பரிமாறச் செய்கிறது.

ஆனால் பிரேசில் மக்கள் அந்தப் படத்தோடு நின்றுவிடவில்லை. 1974இல் சல்வதோர் நகரத்துக் கறுப்பின மக்கள் 'இலே அயே' என்னும் திருவிழாக் குழுவைத் தொடங்கினர். ஆண்டுதோறும் கறுப்பழகு இரவு என்று விழாவெடுத்து, கரிய மங்கைக்குச் சுருள்முடியோடும் ஆப்பிரிக்க உடையோடும் அரசிப் பட்டம் சூட்டுகின்றனர். 2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில், தம்மைக் கறுப்பரென்றும் கலப்பினத்தவரென்றும் பதிந்துகொண்டோர் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல். லசெர்தாவின் ஆரூடம் பொய்த்தது!

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். ஏனெனில் இந்த வழக்கில் நம் வட்டாரத்துக்குத் தனிப் பொறுப்பு உண்டு. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். தீப்பெட்டி வந்தது, பெட்டிக்குப் படம் வேண்டுமென்று அச்சகம் வந்தது, பட்டாசு வந்தது, நாட்காட்டி வந்தது. வானம் பொய்த்த பூமி உழைப்பால் எழுந்தது. நாட்டின் எத்தனையோ வீடுகளின் சுவரில் தொங்கும் முகத்தை அச்சடித்தது சிவகாசி!

எந்த முகம்? பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்து தெய்வப்படங்கள் தீட்டிய கொண்டைய ராஜுவும் அவர் மாணவர்களும் பெரிய கலைஞர்கள். அவர்கள் கையில் மீனாட்சி பச்சையாக நின்றாள். கண்ணன் நீலமாக நின்றான். தெய்வத்துக்குக் கருமை மன்னிக்கப்பட்டது, அதுவும் வேறு வண்ணத்தின் பெயரால். நாட்காட்டியில் மானிடப் பெண் வந்தால்? ரோஜா நிறம்! பட்டாசுப் பெட்டியில் குழந்தை சிரித்தால்? பால் நிறம்! பெட்டிக்குள் இருக்கும் வெடியைப் பின்னியவளின் முகம், பெட்டியின் மேல் இடம்பெறத் தகுதியற்றதாயிற்று. தன் கைப்பொருளின் மேலேயே தனக்கு இடமில்லை என்று அவள் நாள்தோறும் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறாள். நான் சொன்னேனே அந்தத் தந்தை, அவர் ஓட்டும் இயந்திரத்திலிருந்து வரும் முகம்தான், அவர் மகளை ஐந்து பவுனுக்குக் குறைத்து மதிப்பிட்டது.

இந்தக் காயத்தில் வணிகர் கடை விரித்தனர். 1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' சந்தைக்கு வந்தது. சிவந்தால் வேலை, சிவந்தால் கல்யாணம் என்று விளம்பரங்கள் ஓதின. சென்னையில் 2009இல் 'கருமையே அழகு' என்ற இயக்கம் பிறந்தது. கரிய நிறத்தைத் தாழ்வாகக் காட்டக்கூடாதென்று விளம்பரத்துறையே 2014இல் தனக்கு விதி வகுத்துக்கொண்டது. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் கிளர்ச்சி உலகை உலுக்கிய 2020இல், அந்தக் களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கி 'க்ளோ' வந்தது. பெயர் மாறியது, ஆசை மாறியதா? மலிவுக் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோலின் நிறமியைத் தடுக்கும். உடலுக்குள் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்து மலப்புரத்தில் 2023இல், சிறுநீரக நோயோடு வந்தவர்கள் பலரிடம் மருத்துவர்கள் கண்ட பொதுக்காரணம் முகம் வெளுக்கப் பூசிய களிம்பு. வெயிலின் கொடுமையிலிருந்து காக்க இயற்கை தந்த கவசம் நிறமி. வெயில் நாட்டில் பிறந்தவளிடம், கவசத்தைக் கழற்றினால்தான் கல்யாணம் என்கிறோம்!

இந்த ஊர் பெற்ற காமராசரை நினைத்துப் பாருங்கள். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் பள்ளியும் தந்தவர். அவரைப் புகழ்ந்தவர்கள் 'கறுப்புக் காந்தி' என்றார்கள். அன்பால்தான் சொன்னார்கள். ஆனால், 'வெள்ளை நேரு' என்று எவரேனும் சொன்னதுண்டா? வெள்ளைக்கு அடைமொழி வேண்டியதில்லை. கறுப்புக்கு மட்டும் வேண்டும். 'கறுப்பானாலும் களையான முகம்' என்கிறோமே, அந்த 'ஆனாலும்' என்ற ஒரு சொல்லுக்குள் கும்பெனிக்காரனும் குடியிருக்கிறான், பண்ணையாரும் குடியிருக்கிறான். பழந்தமிழில் பெருமையாக இருந்த அந்த மாந்தளிர் நிறத்தை, இன்று மணமகள் தேவை விளம்பரத்தில் 'மாநிறம்' என்று தயங்கித் தயங்கி எழுதுகிறோம், குறையைச் சற்று மறைத்துச் சொல்வதுபோல!

'நிறம் அவரவர் ரசனை. அதில் தலையிட நீ யார்?' என்று கேட்பவருக்கு ஒரே விடை. ரசனையென்றால் அதற்கு வரதட்சணை எதற்கு? முல்லையை விரும்புபவன் ரோஜாவிடம் அபராதம் கேட்பதில்லை. அபராதம் கேட்கும் ரசனைக்குப் பெயர் ஆதிக்கம்.

என்ன செய்யலாம்? நம் கையில் இருப்பதைச் செய்யலாம். அச்சுத்தொழில் தோழர்களே! நான்கு வண்ண அச்சில் கறுப்புத் தகடு இல்லாவிட்டால் படத்துக்கு ஆழமில்லை என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். வரும் ஆண்டு நாட்காட்டியில், வெடிப்பெட்டியில், இந்தக் கரிசல் பெண்ணின் முகம் வரட்டும். கேட்பாரில்லை என்று முதலாளி சொன்னால், காட்டினால்தானே கேட்பார்கள் என்று சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டாரே! பெண் பார்க்கப் போகும்போது அந்தப் பழைய அளவுகோலை வீட்டிலேயே முறித்துவிட்டுப் போங்கள். தாய்மார்களே! 'ஆனாலும்' என்ற சொல்லை உங்கள் நாவிலிருந்து நீக்குங்கள்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று இந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். 'தமிழ்நாடு' என்ற ஒரு சொல்லுக்காகச் சங்கரலிங்கனார் 1956இல் இதே விருதுநகரில் பல நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்தார். சொந்தப் பெயரால் அழைக்கப்படுவது மானத்தின் பாற்பட்டது என்று நாட்டுக்குச் சொன்ன மண் இது. அந்த மண்ணின் மகளைச் சொந்த நிறத்தோடு தலைநிமிர்ந்து நடக்கவிடுவதும் மானத்தின் பாற்பட்டதே.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கக்கூடும். ஐந்து பவுனுக்குத் தந்தை கடன் வாங்கப் புறப்பட்டார். மகள் தடுத்துவிட்டாள். "எனக்கு நிறம் கம்மி இல்லப்பா, அவங்களுக்குத்தான் கண்ணு கம்மி" என்றாளாம். நான் ஒரு மணி நேரம் பேசியதை அவள் ஒரே வரியில் பேசிவிட்டாள். அவள் வழி நடப்போம்.