பதினோராவது கஜம்

இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் அனகாபுத்தூர், நெசவாளர் ஊர். இப்போது வாழைநார்ச் சேலைக்குப் பேர்போனது. ஒரு காலத்தில் இங்கே நெய்தது ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்’ என்ற கட்டம் போட்ட துணி. பெயர்தான் கைக்குட்டை, நைஜீரியாவில் அதை இடுப்பில் சுற்றி உடுத்தினார்கள்!

இந்த மாதிரித் துணிக்குத் திடீரென்று கிராக்கி வந்தால், சொந்தத் தறி வைத்திருப்பவர் என்ன செய்வார்? நாளைக்கே இன்னொரு தறி போட முடியாது. இடம் வேண்டும், முதல் வேண்டும், பழகிய கை வேண்டும். ஆகவே இருக்கிற தறியில் பொழுதை நீட்டுவார். விளக்கு வைத்த பிறகும் நாடா ஓடும். நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூலிக்குக் கூப்பிடுவார். அலுத்த கை மெதுவாகத்தானே போகும்? பத்தாவது கஜத்தைவிடப் பதினோராவது கஜத்துக்குச் செலவு கூடும்.

விலை அவர் கையில் இல்லை. அதே துணியை நெய்யத் தெரு முழுக்க ஆள் உண்டு. ஏறிய சந்தை விலை அந்தக் கடைசி கஜத்தின் செலவைத் தாங்கும்வரை நெய்வார். தாங்காவிட்டால் தறிச் சத்தம் நின்றுவிடும். இப்படி இருக்கிற தறியோடு மட்டும் சமாளிக்கிற காலத்தைப் பொருளாதாரத்தில் ‘குறுகிய காலம்’ என்கிறார்கள். எத்தனை மாதம் என்று கேட்காதீர்கள். புதுத் தறி இறங்கும்வரை குறுகிய காலம்தான்.

கிராக்கி விழுந்தால்? நூலுக்கும் கூலிக்கும் கட்டுப்படியானால் ஓட்டலாம். தறிக்குப் போட்ட காசு, போட்டதுதான். 1970களில் நைஜீரியா இறக்குமதிக்குத் தடை போட்டதும் அனகாபுத்தூர் நெசவாளர் பலர் வேறு பிழைப்புக்குப் போனார்கள். மிஞ்சிய தறிகளில்தான் பின்னாளில் வாழைநார் ஏறியது.