திறமைக்கேற்ற நீதியா?

(விளையாட்டுக் கழக ஆண்டு விழா ஒன்றிலே நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆடுகளத்துக்கு வெளியே தகாத செயல் புரிந்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட வீரரை ஏற்க விளையாட்டுக் கழகங்கள் தயங்குவது ஏன்? ஒழுக்கத்தின்பாற் கொண்ட பற்றினாலா, வரவு செலவுக் கணக்கினாலா? இவ்வினாவை இன்று ஆராய விரும்புகின்றோம்.

உழவுக்கு மாடு வாங்கப் போகின்றவர் அதன் வலிமையை மட்டுமா பார்க்கின்றார்? முட்டுமா, உதைக்குமா என்றும் விசாரிக்கின்றார் அல்லவா? கழகங்களும் அவ்வாறே விசாரிக்கின்றன. வீரர் தடைசெய்யப்பட்டால் கொடுத்த பணம் வீணாகும். விளம்பரம் தருவோர் விலகுவர். சீட்டு வாங்கிப் பார்க்க வரும் குடும்பங்கள் முகஞ்சுளிக்கும். இவ்வச்சமே பெரும்பாலும் கதவை அடைக்கின்றது.

அமெரிக்காவில் நிகழ்ந்ததை நோக்குவோம். பால்ரிமோர் ரேவன்ஸ் கழகத்தின் அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் றே றைஸ், 2014 பெப்ரவரியில், தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணை மின்தூக்கி ஒன்றினுள் அடித்து வீழ்த்தினார். விளையாட்டுச் சங்கம் முதலில் விதித்த தண்டனை இரண்டே இரண்டு ஆட்டங்களுக்கான தடை! செப்ரெம்பர் 8 ஆந் திகதி, அந்த அடி விழுந்த காட்சி வெளியாயிற்று. அன்றே கழகம் அவரை நீக்கியது. சங்கம் காலவரையறையின்றித் தடை விதித்தது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்ட பின்னரும் எக்கழகமும் அவரை ஏற்கவில்லை. பெப்ரவரியிற் செய்த செயல்தானே செப்ரெம்பரிலும்? மாறியது யாது? உலகம் கண்ணாற் கண்டுவிட்டது என்பதொன்றே! அதற்கு முந்திய ஆண்டில் அவருடைய ஆட்டமும் தளர்ந்திருந்தது என்பதை மறத்தலாகாது.

இனி மற்றொருவர். டெஷோன் வொட்சன் மீது இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் பாலியல் முறைகேடு குறித்து வழக்குத் தொடுத்திருந்தனர். அவர் மறுத்தார், குற்றவியல் வழக்குத் தொடர நடுவர் குழு இணங்கவில்லை. அப்பெண்களின் வழக்குகள் முடியுமுன்னரே, 2022 மார்ச்சில், கிளீவ்லாந்துக் கழகம் 23 கோடி டொலருக்கு உறுதியளித்து அவரை ஏற்றது. பின்னர் அதே ஆண்டில் 11 ஆட்டத் தடையும் 50 இலட்சம் டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. இளமையும் திறமையும் மிகுந்தவருக்குக் கதவு திறந்தது; தளர்ந்தவருக்கு மூடியது. இதனை ஒழுக்கம் என்று எவ்வாறு கூறுவோம்?

அவ்வாறாயின், குற்றச்சாட்டு எழுந்தவுடனே ஒருவரை என்றென்றைக்கும் ஒதுக்கிவிடலாமா? அதுவும் நீதியன்று. நம் நாட்டுக் கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக 2022 நவம்பரில், சிட்னியில், பாலியல் குற்றச்சாட்டின்பேரிற் கைதானார். இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் உடனே அவரை இடைநிறுத்தியது. 2023 செப்ரெம்பரில் நீதிமன்றம் அவர் குற்றவாளியல்லர் எனத் தீர்த்தது. அடுத்த மாதமே தடை நீங்கியது. ஓராண்டளவு இழந்தார், அவ்விழப்புச் சிறிதன்று. ஆயினும் திரும்பிவரும் வழி அடைபடவில்லை.

ஆகவே, சிறிதாயினும் பெரிதாயினும் ஒவ்வொரு கழகமும் தன் விதியைச் சிக்கல் எழுமுன்னரே எழுதி வைத்தல் வேண்டும். முறையிடுபவரின் சொல்லை அக்கறையுடன் கேட்டல் வேண்டும். விசாரணை நடக்குங்கால் இடைநிறுத்தம். குற்றம் மெய்யெனிற் தண்டனை. பொய்யெனில் மதிப்புடன் மீட்பு. முதல்வரிசை ஆட்டக்காரனுக்கும் கரையில் அமர்ந்திருக்கும் ஆட்டக்காரனுக்கும் விதி ஒன்றே.

ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் கருவி வேறு. குற்றத்தை அளக்கும் கோல் வேறு. அவ்விரண்டையும் கலக்கும் கழகம் வெற்றிக் கிண்ணம் பெறலாம். ஊராரின் நம்பிக்கையைப் பெறாது.