புகையில் போன பொட்டாஷ்

(சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வயலுக்குப் போடுகிற பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுவதும் நமக்குக் கப்பலில்தான் வருகிறது. ஆனால் பொட்டாசியம் நம்ம ஊர்க் கல்லிலேயே இருக்கே! சுத்தமான பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரில் பொட்டாசியம் ஆக்சைடு நூற்றுக்குப் 17 பங்கு. பிறகு ஏன் இறக்குமதி? அது தண்ணீரில் கரையாது. சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்து அதைப் பூட்டி வைத்திருக்கின்றன.

அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி, சூடு. கல்லைப் பொடித்துச் சுண்ணாம்புக்கல்லோடு சேர்த்து 1400 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால், சுண்ணாம்பு சிலிக்காவைப் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியம் ஆவியாகிவிடும். கொஞ்சம் கால்சியம் குளோரைடு சேர்த்தால் இன்னும் சுலபமாகப் பறக்கும். வாயு குளிர்ந்ததும் பொட்டாசிய உப்பு நுண்ணிய தூளாகிறது. அதைப் பிடித்துத் தண்ணீரில் கரைத்து எடுக்க வேண்டியதுதான்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் ரிவர்சைடில் ஒரு சிமெண்ட் ஆலையின் தூசி ஆரஞ்சுத் தோட்டங்களில் படிந்தது. தோட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வேதியியல் பேராசிரியர் ஃபிரெடரிக் காட்ரெல் கண்டுபிடித்த முறைப்படி, உயர் மின்னழுத்தத்தால் தூசியைப் பிடிக்கும் கருவியை ஆலையில் வைத்தார்கள். பிடித்த தூசியில் பொட்டாஷ் இருந்தது! 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மனியிலிருந்து பொட்டாஷ் வருவது நின்று, அமெரிக்காவில் விலை பத்து மடங்குக்கு மேல் ஏறியது. நேற்று வரை வழக்குக்குக் காரணமாயிருந்த தூசி காசாகிவிட்டது.

போர் முடிந்ததும் ஜெர்மன் சரக்கு திரும்பியது. 1925இல் நியூ மெக்ஸிகோவின் கார்ல்ஸ்பாட் அருகே எண்ணெய் தேடித் துளையிட்டபோது பொட்டாஷ் உப்புப் படிவமே கிடைத்தது. தோண்டினால் கிடைக்கும் உப்போடு, கல்லைச் சுட்டெடுக்கும் உப்பு போட்டி போட முடியுமா?

தம்பி தங்கைகளே, இதில் உங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பொட்டாஷுக்காக மட்டும் கல்லைச் சுட்டால் கட்டாது. வேறு வேலைக்காக ஏற்கெனவே எரிகிற உலையிலிருந்து எடுத்தால் கட்டலாம். நம் நாட்டிலேயே சாராய வடிசாலைக் கழிவை எரித்த சாம்பலிலிருந்து பொட்டாஷ் உரம் எடுக்கிறார்கள். 2021இல் மத்திய அரசின் உர மானியத்தில் அதுவும் சேர்ந்தது. சிமெண்ட் சூளைத் தூசியிலும் பொட்டாசியம் இருக்கிறது. ஆலைக்குப் பயிற்சிக்குப் போகிறபோது உற்பத்தியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். புகைபோக்கி வழியாக என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.