சாயங்காலம் வரை சார்ஜ் நிற்கும் போன்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாம் வகுப்பு வரை படிச்சவ. கடைசியா மைக்கைப் பிடிச்சது பள்ளிக்கூடத்து சுதந்திர தின விழாவுல. அதுவும் பாதியில மறந்து போயி அழுதுக்கிட்டே இறங்கிட்டேன். இன்னைக்கு என்னைப் பேசச் சொன்னதுக்குக் காரணம் ஒரு போன்தான். போன வருஷம் நான் போன் மாத்தினேன். அதைப் பார்த்துட்டு எங்க குழுவுல ஏழு பேர் வந்து, "சார்ஜ் நிக்கிற மாதிரி எந்தப் போன் வாங்கலாம்?"னு கேட்டுட்டாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயா சொல்றதுக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரு தடவை சொல்லிருன்னு தலைவி அக்கா மாட்டி விட்டுட்டாங்க.

போன் கதைதானேன்னு நினைக்காதீங்க. எனக்கு இது 2021 பிப்ரவரி 12-ஆம் தேதியில ஆரம்பிச்சது.

அந்தத் தேதியை நம்ம சாத்தூர் பக்கத்துல யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை. மத்தியானம் அச்சங்குளம் பட்டாசு ஆலையில வெடி விபத்து. இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. என் வீட்டுக்காரரோட அக்கா, எனக்கு மதினி, அப்போ வேலை பார்த்தது வேற ஆலை. ஆனா ஏழாயிரம்பண்ணை பக்கம்தான். எந்த ஆலைன்னு தெளிவாத் தெரியாம, "அந்தப் பக்கம் வெடிச்சிருச்சாம்"னு மட்டும் தெருவுக்குச் சேதி வந்துச்சு.

ஓடிப் போயி போனை எடுத்தேன். செத்துக் கிடந்துச்சு. கொரோனா நேரம், சின்ன வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கல. என் மகனுக்குப் பாடம் எல்லாம் அந்தப் போன்லதான். அன்னைக்குன்னு பார்த்து எங்க தெருவுல காலையில இருந்து கரண்ட்டும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் போனைக் கொடுத்து "இந்தா, பேசு"ன்னாங்க. யாருக்குப் பேச? வீட்டுக்காரர் நம்பர், மதினி கூட வேலை பார்க்கிறவங்க நம்பர், வேன்காரர் நம்பர், எல்லாம் செத்த போனுக்குள்ள. ஒரு நம்பர் கூட எனக்கு மனப்பாடமா வரலை.

பட்டாசு ஆலைக்குள்ள செல்போன் கொண்டு போகக் கூடாது, தெரியும் உங்களுக்கு. அது சரியான விதி. அதனால உள்ளே இருக்கிறவங்களை நாம கூப்பிட முடியாது, அவங்க வெளியே வந்துதான் நம்மளைக் கூப்பிடணும். மதினி ஆலையில எல்லாரையும் வெளியே அனுப்பினதும், யார்கிட்டயோ போன் வாங்கி எனக்கு அடிச்சிருக்காங்க. ஒன்பது தடவை. ஒன்பது தடவையும் சுவிட்ச் ஆஃப். இங்கே நான் பஸ் நிறுத்தத்துல நின்னு போற வர்ற வண்டியை எல்லாம் மறிச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வேன்ல வந்து இறங்கினாங்க. என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை, "போனை எங்கடி தொலைச்ச?"

அந்த வாரமே புதுப் போன் வாங்கினேன். அவசரத்துல வாங்கினா என்ன ஆகும்? கடைத் தம்பி மூணு கேமராவைக் காட்டினாரு, என் மகன் கேம் நல்லா ஓடுமான்னு கேட்டான், நான் நிறத்தைப் பார்த்தேன். சாத்தூர் வெள்ளரிக்காயை ஒவ்வொண்ணா எடுத்து, அழுத்திப் பார்த்து, நுனியைக் கிள்ளிப் பார்த்து வாங்குறவ நான். ஒன்பதாயிரம் ரூபாய்ப் பொருளை அடுத்தவங்க பேச்சைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். பேட்டரி எவ்வளவுன்னு கேக்கவே இல்லை. ரெண்டு வருஷத்துல பழைய கதைதான். மூணாவது வருஷம் பேட்டரி உப்பி, பின் மூடி தூக்கிக்கிட்டு நின்னுச்சு. உப்பின பேட்டரியை அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, மறுபடி சார்ஜும் போடக் கூடாது. உள்ளே இருக்கிறது தீப்பிடிக்கிற சரக்கு. நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டாம்.

சரி, இந்தத் தடவை கணக்குப் போட்டு வாங்குவோம்னு முடிவு பண்ணினேன். போன் உப்புறதுக்கு முன்னாடியே ஒரு வேலை செஞ்சு வச்சிருந்தேன். குழு வரவு செலவு நோட்டு எழுதுற மாதிரி, சார்ஜுக்கு ஒரு நோட்டு. காலையில ஆறு மணிக்கு எத்தனை சதவீதம், மத்தியானம் எத்தனை, ராத்திரி ஒன்பதுக்கு எத்தனை. பத்து நாள் எழுதினேன். செட்டிங்ஸ்ல பேட்டரின்னு ஒரு இடம் இருக்கு பாருங்க, அங்கே போனா எந்த ஆப் எவ்வளவு தின்னுச்சுன்னு வரிசையாக் காட்டும். யூடியூப் முதல்ல நிக்கும்னு தெரியும். தெரியாத விஷயம் ஒண்ணு இருந்துச்சு. நாங்க தூங்கும்போது, யாரும் தொடாத போன்ல, விடியிறதுக்குள்ள பதினஞ்சு, இருபது சதவீதம் இறங்கியிருக்கு. எங்க வீட்டுக்குள்ள டவர் சரியா எடுக்காது. டவர் கிடைக்காத போன் சும்மா இருக்காது, தேடிக்கிட்டே இருக்கும். மேய்ச்சலுக்குப் போன ஆட்டைத் தேடி அலையிற மாதிரி, அலையிறதுலயே சக்தி போயிருது. ராத்திரி போனை ஜன்னல் பக்கம் மாத்தி வச்சேன். அந்த இறக்கம் பாதியாக் குறைஞ்சது. செலவு ஒரு பைசா இல்லை. அதனால புதுசு வாங்குறதுக்கு முன்னாடி நீங்களும் பத்து நாள் எழுதிப் பாருங்க. ரெண்டு பேருக்குப் புதுப் போனே தேவைப்படாமப் போகலாம்.

இப்போ கடைக்குப் போவோம். பேட்டரி அளவை எம்.ஏ.எச்.னு போட்டிருப்பாங்க. அது குடத்தோட கொள்ளளவு, அவ்வளவுதான். 5000 இப்போ சாதாரணம். 6000 ஒண்ணும் அதிசயம் இல்லை, சாம்சங் 2019-லேயே எம்30எஸ்னு ஒரு போன்ல 6000 வச்சாங்க. 7000 போட்ட போனும் வந்தாச்சு. குடம் பெருசா இருந்தா மட்டும் போதுமா? அடியில ஓட்டை இருக்கான்னும் பார்க்கணும்ல. பெரிய ஓட்டை திரைதான். வெயில்ல நின்னு வெளிச்சத்தை முழுசாக் கூட்டி வச்சா எந்தப் பேட்டரியும் தாங்காது. 120 ஹெர்ட்ஸ்னு பெருமையாச் சொல்லுவாங்க, திரை வழுக்கிக்கிட்டுப் போகும். அதுக்கும் சார்ஜ்தான் செலவு. செட்டிங்ஸ்ல 60-க்கு மாத்திக்கலாம், குழுப் பணம் எண்ணுறதுக்கு 60 போதும். அடுத்தது சிப். 12 நானோமீட்டர், 6 நானோமீட்டர், 4 நானோமீட்டர்னு சொல்லுவாங்க. பெரும்பாலும் எண் சின்னதா இருந்தா சார்ஜ் குறைவாக் குடிக்கும். 5000 பேட்டரியும் நல்ல சிப்பும் இருக்கிற போன், 6000 பேட்டரியும் பழைய சிப்பும் இருக்கிறதை ஜெயிச்சிரும்.

5ஜி வேணுமான்னு நிறையப் பேர் கேட்டாங்க. நாலு வருஷம் வச்சுக்கப் போறோம்னா இருக்கட்டும். ஆனா 5ஜி ஒழுங்கா எடுக்காத ஊர்ல அதை ஓட விட்டா, போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறி ஓடும். மொபைல் நெட்வொர்க்குங்கிற இடத்துல போயி 4ஜி-யில வச்சிருங்க. நான் அப்படித்தான் வச்சிருக்கேன்.

பேட்டரியோட ஆயுசையும் பார்க்கணும். ஒரு தடவை முழுசா ஏத்தி முழுசா இறங்கினா ஒரு சுற்று. பாதி பாதியா ரெண்டு தடவை ஏத்தினாலும் ஒரு சுற்றுதான். சுற்று கூடக் கூட குடம் சுருங்கும். ஐரோப்பிய நாடுகள்ல 2025 ஜூன் 20-லிருந்து சட்டமே போட்டுட்டாங்க, புதுசா வர்ற போன் 800 சுற்றுக்கு அப்புறமும் 80 சதவீதம் தாங்கணும்னு. தினம் ஒரு சுற்றுன்னா 800 நாள் ரெண்டே கால் வருஷத்துக்குள்ள முடிஞ்சிரும். பெரிய பேட்டரி வாங்கி, ஒண்ணரை நாளைக்கு ஒரு தடவை ஏத்தினா அதே 800 சுற்று மூணு வருஷத்துக்கு மேல வரும். எனக்குப் பெரிய குடம் வேணும்னு முடிவு பண்ண வச்சது இந்தக் கணக்குதான்.

சூடு பேட்டரிக்கு எமன். தகரக் கூரைக்குக் கீழே, அடுப்படித் திட்டுல, தலையணைக்கு அடியில சார்ஜ் போடாதீங்க. சித்திரை வெயில்ல வண்டியில வச்சுட்டுப் போகாதீங்க. இந்த லித்தியம் அயான் பேட்டரியை உருவாக்கின மூணு பேருக்கு 2019-ல நோபல் பரிசு கொடுத்தாங்க, என் மகன் சொன்னான். அதுல குட்இனஃப்னு ஒருத்தருக்கு வயசு 97. "இனிமே நமக்கு என்னத்துக்குப் புதுசா படிப்பு"ன்னு சொல்ற அக்காக்கள் இங்கே ரெண்டு பேர் இருக்கீங்க, பேர் சொல்ல மாட்டேன்.

பெட்டிக்குள்ள சார்ஜர் இருக்கான்னு கேளுங்க. சில கம்பெனி வயர் மட்டும்தான் வைக்கிறாங்க, சார்ஜருக்குத் தனிக் காசு. மாசம் ஒரு நாள் பராமரிப்புக்குன்னு கரண்ட் நிறுத்துறாங்க, அதுக்கு முதல் நாள் ராத்திரியே ஏத்திக்கோங்க. பவர் பேங்க் வாங்குறவங்க, 10000-னு போட்டிருந்தா 10000-மும் போனுக்கு வரும்னு நம்பாதீங்க. மாறி ஏறுறதுல கழிஞ்சு 6000 சொச்சம்தான் சேரும்.

பணத்துக்கு வருவோம். நான் பார்த்து வச்ச போன் 11,500 ரூபாய். கடையில தவணைன்னாங்க. முன்பணம் 3,500, அப்புறம் மாசம் 1,150 வீதம் எட்டு மாசம், கட்டணம்னு 350. கூட்டிப் பார்த்தா 13,050. குழுவுல உள்கடன் 10,000 கேட்டேன். மூத்த அக்கா ஒருத்தங்க எழுந்திருச்சு, "ஆடு வாங்கக் கேட்டா நியாயம், போனுக்குக் கடனா? நாளைக்கு எல்லாரும் வரிசையில நிப்பாங்க"ன்னாங்க. அவங்க சொன்னதுல தப்பே இல்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.

எங்க குழுவுல 100 நாள் வேலைக்குப் பொறுப்பாளரா இருந்த தங்கச்சிதான் பேசினா. 2023 ஜனவரியில இருந்து வேலைத்தளத்து வருகையை ஆப்லதான் போட வேண்டியிருந்துச்சு, காலையில ஒரு படம், மத்தியானம் ஒரு படம். "ஒரு நாள் மத்தியானப் படத்துக்கு என் போன்ல ரெண்டு சதவீதம் இருந்துச்சு அக்கா. நாப்பது பேர் மண்ணு கையோட என்னைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அவங்க கூலி என் கையில இருந்துச்சு. சார்ஜரைத் தேடி ஊருக்குள்ள ஓடினேன்"னு சொன்னா. மதினி கதையும் அந்தக் கூட்டத்துல இருந்த எல்லாருக்கும் தெரியும். கடைசியில, போனுக்குக் கடன் வருஷத்துக்கு ரெண்டு பேருக்கு மட்டும், பழைய கடன் பாக்கி இருந்தா கிடையாதுன்னு தீர்மானம் எழுதினோம். கையெழுத்துப் போட்ட முதல் ஆள் அந்த மூத்த அக்கா. நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்து மாசம், அசல் குறையக் குறைய வட்டியும் குறைஞ்சு மொத்தம் 550 ரூபாய். ஆக போன் எனக்கு 12,050-க்கு முடிஞ்சது. அந்த 550-ம் நம்ம குழுவுக்குத்தான் வந்துச்சு.

எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. சொன்னா கமிஷன் வாங்கிட்டுப் பேசினேன்னு நாளைக்கே ஊர் சொல்லும். 6000 பேட்டரி, 6 நானோமீட்டர் சிப், கேமரா சுமார். மகனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பழைய பட்டன் போன் ஒண்ணையும் பத்து ரூபாய் ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில வச்சிருக்கேன், ஒரு தடவை ஏத்தினா நாலஞ்சு நாள் கிடக்கும். நாலு நம்பரைக் காலண்டர் அட்டையில பெருசா எழுதி அடுப்படியில மாட்டியிருக்கேன்.

மதினி இப்பவும் ஆலை வேலைக்குத்தான் போறாங்க. சாயங்காலம் வாசல்ல தன் போனை வாங்கினதும் எனக்கு அடிப்பாங்க. "கிளம்பிட்டேன், உலை வை"ன்னு சொல்லி வச்சிருவாங்க. நேத்து அந்த நேரத்துல என் போன்ல 61 சதவீதம் இருந்துச்சு.