வலைத்தளமும் தேடுபொறியும்



கல்லூரித் தமிழ்மன்றத்திற்கோ, தந்தையாரின் சிறு வணிகத்திற்கோ வலைத்தளம் ஒன்று அமைக்க விழையும் இளைஞர் முதலில் கேட்கும் வினா ஒன்று உண்டு. "வேர்ட்பிரஸ் கொண்டு அமைப்பதா, விக்ஸ் கொண்டு அமைப்பதா, பிளாகர் போதுமா? எதனைக் கொண்டால் கூகுளில் முன்னிடம் கிடைக்கும்?" என்பதே அது. வினா நன்று. ஆனால் இதற்கு ஒரே சொல்லில் விடை இறுப்பவரை நம்பாதீர்கள். அவர் பெரும்பாலும் எதையோ விற்க வந்தவராக இருப்பார்.

தேடுபொறி எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். நாம் ஒரு சொல்லைத் தட்டியவுடன் அது உலகெங்கும் ஓடித் தேடுவதில்லை. அதற்கு முன்னரே 'கிராலர்' எனப்படும் நிரல் ஒன்று, ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்திற்குச் சென்று, கண்டவற்றையெல்லாம் படித்து, பெரியதோர் அட்டவணையில் பதிந்து வைத்திருக்கின்றது. நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவு போன்றது அவ்வட்டவணை. அதில் ஏறாத பக்கத்தை எவர் தேடியும் காணார். ஏறிய பக்கங்களுள் எதனை முன்வைப்பது, எதனைப் பின்வைப்பது என்பதே தரவரிசை. பிற தளங்கள் ஒரு பக்கத்தைச் சுட்டுகின்றனவா என்பதை இவ்வரிசைக்கு ஓர் அளவாகக் கொள்ளலாம் என்று, 1998ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் காட்டினர். கூகுள் பிறந்தது அவ்வாறே. இன்று வேறு பல அளவுகளும் உடன் சேர்ந்துள்ளன.

இவ்வளவுகளுள், 'இத்தளம் இன்ன கருவியால் கட்டப்பட்டது' என்பதற்கு மதிப்பெண் கிடையாது. அங்ஙனமாயின் எக்கருவியும் ஒன்றே என்று கூறிவிடலாமோ? கூடாது. விடைத்தாளைத் திருத்துபவர், மாணவன் எந்தப் பேனாவால் எழுதினான் என்று பார்ப்பதில்லை. ஆயினும் மை படியாத பேனாவால் எழுதியவனுக்கு மதிப்பெண் எங்ஙனம் வரும்?

விக்ஸின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 2006ஆம் ஆண்டில் இசுரேல் நாட்டில் தோன்றிய இந்நிறுவனத்தின் கருவி, தொடக்கத்தில் ஃபிளாஷ் என்னும் நுட்பத்தால் தளங்களைக் கட்டித் தந்தது. கண்ணுக்கு அவை அழகாகவே இருந்தன. ஆனால் அசையும் படத்தினுள் அடங்கிய சொற்களைத் தேடுபொறி அரைகுறையாகவே படித்தது. 2012ஆம் ஆண்டில் எச்.டி.எம்.எல். 5 முறை வந்த பின்னரும் ஓர் இடர்ப்பாடு நின்றது. அக்காலத்து முகவரிகளில், ஹேஷ் என்னும் குறிக்குப் பின்னரே உட்பக்கத்தின் பெயர் வந்தது. அக்குறிக்குப் பிற்பட்ட பகுதியை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ஆதலால் பத்துப் பக்கங்களும் ஒரே பக்கம்போல் தோன்றின. அவற்றைப் பிரித்துப் படிக்கத் தேடுபொறிக்குத் தனி ஏற்பாடு வேண்டியிருந்தது. 'விக்ஸ் தளம் மேலே வாராது' என்ற பேச்சு பரவியது அந்நாளில்தான். பின்னர் முகவரிகள் திருத்தப்பட்டன. குறை நீங்கிற்று, பேச்சு மட்டும் நீங்கவில்லை!

தமிழருக்கு இது புதிய துன்பமன்று. 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் நம் இதழ்கள் பலவும் தத்தமக்கென ஓர் எழுத்துருவை அமைத்துக்கொண்டு வலையேறின. திரையில் தமிழ் தோன்றிற்று. உள்ளே இருந்தவையோ பெரும்பாலும் அயல்மொழி எழுத்துகளுக்குரிய குறியெண்கள். 'கல்வி' என்று நாம் கண்டது பொறிக்குப் பொருளற்ற குறிகளின் கோவை. ஓர் இதழின் குறியீடு மற்றோர் இதழுக்கு ஒவ்வாது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டின் வழியே டாம், டாப் என்னும் பொதுக் குறியீடுகள் வந்தன. எனினும், உலகப் பொதுவான யூனிக்கோடு பரவிய பின்னரே, தமிழ்ச் சொல்லைத் தேடினால் தமிழ்ப் பக்கம் கிடைக்கும் நிலை உறுதிப்பட்டது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசும் யூனிக்கோட்டை ஏற்றது. மாற்றப்படாமல் பழைய எழுத்துருவிலேயே விடப்பட்ட கட்டுரைகளின் கதி என்ன? எழுதியவர் மேலும் குற்றமில்லை, எழுதிய பொருள் மேலும் குற்றமில்லை, கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றை எண்ணுந்தோறும் எனக்கு வருத்தமே மிகுகின்றது.

இன்று பெரும்பாலான கருவிகள் படிக்கத்தக்க பக்கங்களையே தருகின்றன. ஐயமிருப்பின், உலாவியில் பக்கத்தின் மூலத்தைத் திறந்து, நீங்கள் எழுதிய வாக்கியம் அங்கே எழுத்தாக உள்ளதா என்று பாருங்கள். இனி வேறுபாடு தெரிவது விரைவில். கூகுள், பக்கம் தோன்றும் விரைவையும் தோன்றியபின் அது இடம் பெயராமல் நிற்பதையும் அளவுகளுள் சேர்த்துள்ளது. முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தோன்றுதல் நன்று என்பது அதன் கணக்கு. விரைவு ஒன்றே பயனற்ற பக்கத்தை உயர்த்திவிடாது என்பதையும் உடன் கொள்க. 2003ஆம் ஆண்டில் தோன்றிய வேர்ட்பிரஸ், இன்று உலக வலைத்தளங்களுள் ஐந்தில் இரண்டுக்கு மேற்பட்டவற்றைத் தாங்குகின்றது. அதில் எதையும் மாற்றலாம். வலிமையும் அதுவே, நலிவும் அதுவே. இருபது செருகுநிரல்களை ஏற்றி, மலிவான சர்வரில் அமர்த்திவிட்டு, மெதுவாக இருக்கின்றதே என்று வருந்துவோர் உளர். விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் போன்றவற்றில் சர்வரின் பொறுப்பு நிறுவனத்தைச் சார்ந்தது. ஷாப்பிஃபையில் பொருள்களின் முகவரியில் அந்நிறுவனம் வைத்த இடைச்சொல் ஒன்றை நாம் நீக்க இயலாது. சிறு குறை, அதன்பொருட்டுக் கவலை வேண்டா.

கவலைக்குரியது முகவரி யாருடையது என்பதே. 1990களில் இலவசமாக இடம் தந்த ஜியோசிட்டீஸ், 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மூடப்பட்டபோது, இலட்சக்கணக்கான பக்கங்கள் முகவரி இழந்தன. அவற்றை நோக்கியிருந்த இணைப்புகள் யாவும் வெற்றிடத்தைச் சுட்டின. ஆதலின் டொமைன் எனப்படும் தளப்பெயரை உங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். கருவியை மாற்றினாலும் அப்பெயர் உங்களுடன் வரும். உட்பக்கங்களின் முகவரி மாறுமாயின், பழையது ஒவ்வொன்றிலிருந்தும் புதியதற்கு நிலையான திசைமாற்று இடுதல் வேண்டும். பழைய பக்கம் ஈட்டிய இணைப்புகளின் பயன் அவ்வழியே புதியதை வந்தடையும். இவ்வசதியும், எழுதியவற்றை மொத்தமாக வெளியே எடுத்துச் செல்லும் வசதியும் உளவா என்று கேட்டறிந்த பின்னரே ஒரு நிறுவனத்திற்குப் பணம் செலுத்துங்கள்.