வூஸ்டர் பள்ளி ஆசிரியரின் கடிதங்கள்

1755-ல் ஹார்வர்டில் பட்டம் பெற்ற கையோடு, பத்தொன்பது வயது ஜான் ஆடம்ஸ் மாசசூசெட்ஸின் வூஸ்டர் ஊரில் பள்ளி ஆசிரியரானார். அந்த அக்டோபரில் நண்பர் நேதன் வெப்புக்கு எழுதிய கடிதத்தில், பேரரசின் இருக்கை ஒருநாள் அமெரிக்காவுக்கு இடம் பெயரலாம் என்றார். எழுதியவர் பின்னாளில் அந்நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவரானதால், இதைத் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடுகிறோம். ஆனால் மறு ஆண்டு சார்லஸ் குஷிங், ரிச்சர்ட் கிராஞ்ச் என்ற நண்பர்களுக்கு அவர் எழுதியவையே எனக்கு அதைவிட அரியவையாகத் தெரிகின்றன. ஏனென்றால், அவற்றில் ஓர் இளைஞர் தன் கருத்தை மாற்றிக்கொள்வதைப் பார்க்கிறோம்.

1756 ஏப்ரலில் குஷிங்குக்கு எழுதும்போது பாதிரியார், மருத்துவர், வழக்கறிஞர் என்ற மூன்று தொழில்களையும் அவர் சீர்தூக்கிப் பார்க்கிறார். வழக்கறிஞர் மீதுதான் கடுமையான கண்டனம்; மனம் சாய்வது தந்தை விரும்பிய பாதிரியார் பணியின் பக்கம். ஆகஸ்டிலோ ஜேம்ஸ் புட்னம் என்ற வழக்கறிஞரிடம் இரண்டு ஆண்டு சட்டம் பயில ஒப்பந்தம் செய்துகொள்கிறார். பகலில் பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டே படித்தார். இடையில் நிகழ்ந்தது என்ன? பாதிரியார் பணி கோரிய கால்வினியக் கோட்பாட்டின் கெடுபிடிகளோடு தன்னால் ஒத்துப்போக முடியாது என்று உணர்ந்திருந்தார். கிராஞ்சுக்கு அதை மறைக்காமல் எழுதுகிறார்.

புகழாசையே அவரைச் சட்டத்துக்கு இழுத்தது, கடிதங்கள் வெறும் பூச்சு என்று சிலர் சொல்லலாம். புகழாசை இருந்தது உண்மைதான். தன் நாட்குறிப்பில் அதற்காகத் தன்னையே கடிந்துகொள்கிறார். ஆனால் பூச்சு வேலைக்கு வந்தவர், தான் சேரப்போகும் தொழிலை நான்கு மாதத்துக்கு முன் அவ்வளவு இழித்து எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். இளமையின் தடுமாற்றம் என்று தள்ளுவதும் பொருந்தாது. வழக்கறிஞர் தொழில்மீது அவர் கொண்ட ஐயம் ஒப்பந்தத்தோடு தீர்ந்துவிடவில்லை. சட்டம் பயில்வது ஒழுக்கக் கடமையிலிருந்து ஒருவரை விடுவிக்காது என்று நாட்குறிப்பில் தனக்கே உறுதி சொல்லிக்கொள்கிறார். அந்த உறுதி சொல்லோடு நிற்கவில்லை: 1770-ல் பாஸ்டனில் மக்கள்மீது சுட்டு ஐவரைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்காக, ஊரே கொதித்திருந்த நேரத்தில், வாதாட முன்வந்தவர் அவர்தான். அவ்வீரர்களின் தலைவர் பிரெஸ்டன் விடுதலையானார். வீரர்கள் எண்மரில் அறுவரும் விடுதலையானார்கள்.