ஊர்காவற்றுறை: கடல் வாசலில் ஒரு சிறு பட்டினம்



தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிப்பவர்கள் ஊர்காவற்றுறை என்ற பெயரைப் பெரும்பாலும் ஒரே ஒரு செய்தியில்தான் பார்த்திருப்பார்கள். எல்லை தாண்டி மீன்பிடித்ததாகக் கைதான இராமேசுவரத்து மீனவர்கள் ஊர்காவற்றுறை நீதவான் முன்னிலையில் நிறுத்தப்பட்டார்கள் என்ற செய்தி அது. யாழ்ப்பாணத்தில் வாழும் நமக்கோ அது பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயர். தீவகத்து வீதி போய் முடிகிற இடம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு பொலன்னறுவையில் இருந்த ஓர் அரசன் தமிழில் சட்டம் எழுதிக் கல்லில் வெட்டுவித்தது இந்தத் துறைக்காகத்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? இன்று அந்த ஊரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து அல்லைப்பிட்டி, வேலணை, நாரந்தனை, கரம்பொன் என்று போனால் வேலணைத்தீவின் வடமேற்கு முனையில் ஊர்காவற்றுறை வரும். எதிரே காரைநகர். இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய கடல், அதன் வாயில் ஒரு சிறு திட்டின்மேல் கோட்டை. மேற்கே எழுவைதீவும் அனலைதீவும்.

இந்த அமைப்பை ஒரு பாய்க்கப்பல் தண்டயலின் கண்ணால் பார்க்கவேண்டும். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். காற்றுக் கிளம்பினால் அலை குறுகி உயரும், ஒதுங்க இடம் கிடைக்காது. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றை இங்கே காரைநகர் தடுத்துக்கொள்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் சோழகத்தை வேலணைத்தீவு மறிக்கிறது. மேற்கிலிருந்து உருண்டு வரும் அலை அனலைதீவிலும் எழுவைதீவிலும் மோதி வலுவிழந்துவிடும். உள்ளே வந்த தோணி விரும்பினால் கடனீரேரி வழியாக யாழ்ப்பாணக் கரைவரை போகலாம். குடாநாட்டின் வடகரையிலே வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை என்று புகழ்பெற்ற துறைகள் இருக்கின்றன. அவை திறந்த கடலைப் பார்த்து நிற்பவை. நான்கு பக்கமும் இப்படி அணைப்பு உள்ள துறை ஊர்காவற்றுறை ஒன்றுதான். இந்த ஊரின் வரலாறு முழுவதும் இந்த ஒரு புவியியல் உண்மையிலிருந்து பிறந்தது என்பது என் துணிபு.

இனி அந்தக் கல்லுக்கு வருவோம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு அது. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. ஊராத்துறை என்று அதிலே குறிக்கப்படும் துறை நமது ஊர்காவற்றுறைதான். பரதேசத்து வணிகர்கள் இந்தத் துறையில் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது ஆணை. அடுத்து வருவது இன்னும் சுவையானது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் அரச பண்டாரத்துக்குக் காற்பங்கு. மீதி முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றைச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. கப்பல் உடைந்து கரையொதுங்கிய பொருளை அந்தக் கரையின் அதிபதியே முழுவதும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் இருந்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில், உன் பொருளில் இவ்வளவு உனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்த அரசு வணிகனைக் கைதட்டி அழைத்திருக்கிறது என்றுதான் கொள்ளவேண்டும். சிங்கள அரசன் ஒருவன் தமிழிலே அதை எழுதுவித்தான் என்பதையும் கவனியுங்கள். இந்தக் கடலில் வணிகம் நடந்த மொழி எது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

துறைக்கு வணிகர் வந்தால் படையும் வரும். அதே பராக்கிரமபாகு சோழநாட்டின்மேல் ஏவுவதற்காக ஊராத்துறையிலும் மாதோட்டம் முதலான இடங்களிலும் படை திரட்டிக் கப்பல் கட்டுவித்ததைத் திருவாலங்காட்டுச் சோழர் கல்வெட்டு சொல்கிறது. செய்தி அறிந்த சோழர் தரப்பு அந்த இடங்களைத் தாக்கி அழித்ததையும் அதே கல்வெட்டு சொல்கிறது. நயினாதீவில் ஒரு கல்லும் திருவாலங்காட்டில் ஒரு கல்லுமாக, கடலின் இரு கரைகளிலும் சாட்சி உள்ள ஊர் இது. ஊரின் நடுவிலே மட்டும் அதைச் சொல்ல ஒரு பலகையையாவது நாம் முறையாக நாட்டவில்லை.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். அவர்கள் காலத்தில் வன்னிக் காட்டிலே பிடித்த யானைகள் இங்கிருந்து கப்பலேறின. யானைத்துறை என்ற பொருளில் அவர்கள் வைத்த பெயர்தான் தேய்ந்து ‘கைற்ஸ்’ ஆகி, இன்றும் அரசாங்கத்தின் ஆங்கிலப் பதிவுகளில் நிற்கிறது. பின்னர் வந்த ஒல்லாந்தர் வேலணைத்தீவுக்கு லெய்டன் என்றும் காரைநகருக்கு அம்ஸ்ரடாம் என்றும் பெயரிட்டார்கள். அந்தப் பெயர்கள் ஊருக்குள் நுழையவேயில்லை. நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கடற்கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். போர்த்துக்கேயர் கட்டிய இந்தக் கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டார்கள். யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிப்பதற்கு முன்னர், கடல் வாசலில் நிற்கும் இதைப் பிடிக்கவேண்டியிருந்தது. கோட்டைக்குள் இருந்த வீரர்களைப் பணியவைத்தது தண்ணீர்த் தட்டுப்பாடு. சுற்றிவர உப்புக்கடல், நடுவிலே திட்டு, அதிலே கிணறு தோண்டினால் எப்படி நல்ல தண்ணீர் வரும்? சுண்ணக்கல் நிலத்தில் மழைநீர் மெல்லிய படையாக உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதைத்தான் தீவகம் முழுவதும் கிணறுகளில் அள்ளிக் குடிக்கிறோம். கூடுதலாக இறைத்தால் உவர் ஏறிவிடும். 1658இல் போர்த்துக்கேயத் தளபதிக்கு நேர்ந்த கஷ்டம் தீவகத்துத் தாய்மாருக்கு ஒவ்வொரு கோடையிலும் நேர்கிறது. ஒல்லாந்தர் இந்தக் கோட்டையை ஹம்மன்ஹீல் என்று அழைத்துத் திருத்திக் கட்டினார்கள். பிற்காலத்தில் அது சிறையாகவும் பயன்பட்டது. 1971 கிளர்ச்சியை நடத்திய மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் றோகண விஜேவீரவும் அங்கே அடைக்கப்பட்டிருந்தார். இப்போது அது கடற்படை நடத்தும் விடுதி. பிள்ளைகள் படித்து அறியவேண்டிய இடம் தங்கும் விடுதியாக மட்டும் இருப்பதை என்னால் ஏற்கமுடியவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் சுங்கமும் தோணி வியாபாரமும் ஊரை வாழவைத்தன. நீராவிக் கப்பல்கள் பெருகிக் கொழும்பு வளர்ந்தபோது பாய்க்கப்பலின் காலம் மெல்ல முடிந்தது. சுதந்திரத்தின் பின்னர் கடவுச்சீட்டும் இறக்குமதிக் கட்டுப்பாடும் வந்து, எதிர்க்கரையோடு இருந்த வியாபாரத்தை அறவே நிறுத்தின. இயற்கை கொடுத்த துறை அப்படியே இருந்தது. வருவதற்குக் கப்பல்தான் இல்லை.

இந்த இடத்திலே நிர்வாகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒப்புநோக்க முதலில் பிரான்சைப் பார்ப்போம். நமது உறவினர் பலர் பிரான்சிலே, பாரிசிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழ்கிறார்கள். தீவகத்தவர் அவர்களில் நிறையப் பேர். பிள்ளை பிறந்தாலும் கலியாணம் என்றாலும் ‘மெரி’க்கு, அதாவது ஊர்ச் சபை அலுவலகத்துக்கு, போனோம் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பிரான்சில் கொம்யூன் எனப்படும் உள்ளூராட்சிப் பிரிவுகள் ஏறத்தாழ 35,000 இருக்கின்றன. நூறு பேர் மட்டுமே வாழும் ஊருக்கும் ஒரு சபையும் மேயரும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அமைந்த அந்த அடிப்படை இன்றுவரை பெரும்பாலும் மாறவில்லை.

நமது பக்கம் என்ன நடந்தது? மணியகாரர் இருந்தார், உடையார் இருந்தார், விதானையார் இருந்தார். 1940களில் மணியகாரருக்குப் பதிலாகக் காரியாதிகாரி வந்தார். 1963இல் விதானையார் கிராம சேவகர் ஆனார். காரியாதிகாரி பின்னர் உதவி அரசாங்க அதிபர் ஆகி, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரதேச செயலாளர் ஆனார். மக்கள் தெரிவு செய்யும் சபைகளின் கதை இதைவிட மோசம். நாடெங்கும் இருந்த கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981இல் கலைக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் உருவாகின. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே மாதத்தில்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிடவும் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் ஒருவர் இருக்கவில்லை.

இன்று ஊர்காவற்றுறையில் பிரதேச செயலகம், பிரதேச சபை, நீதவான் நீதிமன்றம், பொலிஸ் நிலையம், ஆதார வைத்தியசாலை எல்லாம் இருக்கின்றன. வேலணைத்தீவின் தென்பகுதிக்கு வேலணையில் தனியான செயலகமும் சபையும் உண்டு. ஊர்காவற்றுறை நிர்வாகத்தோடு அனலைதீவும் எழுவைதீவும் சேர்கின்றன. அந்தத் தீவுகளில் வாழும் ஒருவர் ஒரு கையொப்பத்துக்காகப் படகேறி வரவேண்டும். நிறைமாதக் கர்ப்பிணியும் படகேறித்தான் வரவேண்டும். வாடை மூண்ட நாளில் படகு ஓடாது. ஆகவே இங்கே இறங்குதுறையும் படகுச் சேவையும் அரசாங்கத்தின் வாசற்படிகள். அவற்றைச் சுற்றுலா வசதிபோல எண்ணி வரவுசெலவுத் திட்டத்தின் கடைசி வரியில் எழுதுவது பெரும் தவறு.

காரைநகருக்குப் போகும் ‘பாதை’யின் நிலையும் இதுதான். தீவகத்திலே பாதை என்றால் ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் மிதவை. சில நிமிடப் பயணம். அது பழுதாகி நின்றால் எதிரே தெரியும் கரைக்குப் போக யாழ்ப்பாண நகரைச் சுற்றி நாற்பது கிலோமீற்றர் அளவு ஓடவேண்டும். அக்கரையில் வேலை செய்யும் ஆசிரியரும் தாதியும் என்ன செய்வார்கள்? அங்கே ஒரு பாலம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. பாலம் வரும்வரை மாற்று மிதவை ஒன்று எந்நேரமும் ஆயத்தமாக இருக்கவேண்டும்.

போர் இந்த ஊரை வெறுமையாக்கியது. 1990இலும் 1991இலும் நடந்த படை நடவடிக்கைகளால் தீவக மக்களில் பெரும்பாலோர் வலிகாமத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். அங்கே இருந்தவர்களை 1995 ஒக்ரோபரில் மூண்ட போர் மறுபடியும் துரத்தியது. திரும்பி வந்தவர்கள் குறைவு. கரம்பொன், நாரந்தனைப் பக்கம் போனால் கூரை இல்லாத கல்வீடுகளை இன்றும் காணலாம். உரித்தாளர்கள் பாரிசிலோ ரொறன்ரோவிலோ இருப்பார்கள். ஊரில் தங்கிய மீனவர்களோ எதிர்க்கரை இழுவைமடிப் படகுகள் அள்ளிப்போன கடலில் வலையிறக்குகிறார்கள். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. வலை அறுந்தவருக்கு அந்தச் சட்டத்தால் இன்னும் போதிய ஆறுதல் கிடைக்கவில்லை.

ஒரு மனிதரைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்கமுடியாது. 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி கரம்பொன்னில் பிறந்து, ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த ஒரு சிறுவன் பின்னாளில் தனிநாயகம் அடிகள் ஆனார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் தோன்றியதிலும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியதிலும் அவருடைய உழைப்பு முதன்மையானது. அந்தாவ் தெ புறொயென்சா என்ற பாதிரியார் தொகுத்து 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியைத் தேடிக் கண்டுபிடித்து 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவரும் அவரே. போர்த்துக்கேயர் யானை ஏற்றிய துறையிலே வளர்ந்த பிள்ளை, அவர்கள் அச்சிட்ட தமிழை உலகத்துக்கு மீட்டுக் கொடுத்தார்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய தோணிக் கணக்கு, சுங்கச் சீட்டு, உறுதி, தண்டயல்மாரின் படம், கப்பலில் போன பாட்டனாரின் கடிதம் ஏதாவது இருக்கலாம். கறையான் அரிப்பதற்கு முன் அவற்றை எடுத்துப் பாருங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பிரதி ஒன்றை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ நூலகம் நிறுவனத்துக்கோ கொடுங்கள். பிரதேச சபைக்கு ஒரு வேண்டுகோள்: நயினாதீவுக் கல்வெட்டின் வாசகத்தை இக்காலத் தமிழ் விளக்கத்தோடு ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நாட்டுங்கள். அதற்குப் பெரிய செலவு ஆகாது.